கிராமத்துப் பிள்ளைகளும் இயந்திரப் பொறியியல் கல்வியும்

ஒரு வட்டார வளர்ச்சி அதிகாரி

கமலையும் ஏற்றமும் நம் கிராமங்களை விட்டு மறைந்து பல ஆண்டுகளாகிவிட்டன. இன்று கிணற்றிலே மின்சாரப் பம்பு ஓடுகின்றது. வயலிலே டிராக்டர் உழுகின்றது. நாற்று நடுவதற்கும் கதிர் அறுப்பதற்கும் இயந்திரம் வந்திருக்கின்றது. இவ்வளவு இயந்திரங்களோடு அன்றாடம் புழங்குகின்ற கிராமவாசி, அவற்றைப் பற்றிய சாத்திரத்தை மட்டும் நகரத்தாருக்கே உரியதென்று ஒதுக்கி வைத்திருப்பது வியப்புக்குரியதாகும். பம்பு பழுதுற்றால் அதனைக் கழற்றி மாட்டும் பையன் ஊருக்கு ஒருவனாவது இருக்கின்றான். அவனுடைய கைத்திறமைக்குக் குறைவில்லை. ஆனால், அந்தப் பம்பை வகுத்து அமைத்தவரின் இடத்திற்கு அவன் செல்லக்கூடும் என்று அவனுடைய பெற்றோரும் எண்ணுவதில்லை. பெரும்பாலும் அவனும் எண்ணுவதில்லை. அங்கே செல்வதற்கு வழி யாது, அதற்குரிய தகுதிகள் எவை, எந்த இடத்தில் நம் பிள்ளைகள் வழி தவறுகின்றனர் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயந்திரப் பொறியியல் என்பதை மக்கள் வழக்கில் ‘மெக்கானிக்கல்’ என்று கூறுகிறோம். விசை, வெப்பம், பாய்மம், உலோகம் ஆகிய நான்கின் இயல்பையும் அறிந்து, அவற்றைக் கொண்டு வேலை செய்யும் பொறிகளை வகுப்பதும், உருவாக்குவதும், பேணுவதும் இத்துறையின் பணியாகும். நம் மாநிலத்திற்கு இது புதிய கல்வியன்று. 1794-இல் நில அளவைப் பள்ளியாகச் சென்னையில் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரியில், 1894-ஆம் ஆண்டிலேயே இயந்திரப் பொறியியல் வகுப்பு ஏற்பட்டுவிட்டது. கோவை மாவட்டத்திலோ தொழில் முந்திற்று, கல்லூரி பிந்திற்று. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் அப்பகுதிக்கு வந்ததும் ஆலைகள் பெருகின. பம்புகளும் மோட்டார்களும் அங்கேயே செய்யப்படலாயின. கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு அவர்கள் இம்முயற்சிகளில் முன்னின்றவர் என்பதை யாவரும் அறிவர். அவர் கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர். அதனைக் காட்டி, ‘படிப்பு எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. 1945-இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றுவதற்கு அவரே துணை நின்றார் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

கிணற்றடியில் ஒரு பாடம்

இக்கல்வியின் தன்மை எத்தகையது என்பதை அறிய, நாம் அனைவரும் கண்டிருக்கும் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். பழைய ஆழ்கிணறுகளில் பம்பைக் கரைமேல் வைக்காமல், கிணற்றின் உட்புறத்தில் திட்டு அமைத்து அதன்மேல் இறக்கி வைத்திருப்பார்கள். தண்ணீர் கீழே செல்லச் செல்லப் பம்பையும் கீழே இறக்குவார்கள். இதற்குக் காரணம் என்ன? ‘மோட்டாருக்கு இழுவை போதாது’ என்பர் பலர். பெரிய மோட்டாரைப் பொருத்தினால் கரைமேலிருந்தே இழுத்துவிடலாமா என்றால், இயலாது. பம்பு நீரை இழுப்பதில்லை. குழாயிலுள்ள காற்றின் அழுத்தத்தைக் குறைக்கின்றது, அவ்வளவே. கிணற்று நீரின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலந்தான் நீரைக் குழாய்க்குள் தள்ளுகின்றது. கடல் மட்டத்தில் அவ்வழுத்தம் ஏறத்தாழ 1,01,300 பாஸ்கல். ஒரு மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தம் 9,810 பாஸ்கல். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 10.3 மீட்டர் கிடைக்கின்றது. எத்துணை வலிய மோட்டாராயினும் இவ்வெல்லையைக் கடந்து நீரை மேலே வருவிக்க முடியாது. குழாயின் உராய்வு முதலியவற்றால் நடைமுறையில் ஆறு, ஏழு மீட்டருக்கு மேல் நம்புவதற்கில்லை. திட்டின் இரகசியம் இதுவே. நீர்மட்டம் இன்னும் தாழ்ந்தபோது, மோட்டாரையே நீருக்குள் மூழ்க வைத்து நீரைக் கீழிருந்து மேலே தள்ளும் நீர்மூழ்கிப் பம்பு வழக்கத்திற்கு வந்ததும் இதனாலேயே.

அடுத்தபடியாக, எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வாங்குவது என்ற கேள்வி. நொடிக்கு 10 லிட்டர் நீரை, குழாயின் உராய்வையும் சேர்த்து மொத்தம் 20 மீட்டர் உயரத்திற்கு ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்து லிட்டர் நீரின் நிறை 10 கிலோகிராம். பத்தை 9.81-ஆலும், பின்னர் 20-ஆலும் பெருக்க, 1,962 வாட் ஆகிறது. 746 வாட் ஒரு குதிரைத்திறன் ஆதலின், இது சுமார் 2.6 குதிரைத்திறன். பம்பும் மோட்டாரும் சேர்ந்து, தாம் பெறும் ஆற்றலில் பாதியையே நீருக்கு அளிப்பதாகக் கொண்டால், சுமார் 5.3 குதிரைத்திறன் தேவைப்படும். ஆகவே, ஐந்து குதிரைத்திறன் மோட்டார் திணறும், ஏழரை போதும், கடைக்காரர் பரிந்துரைக்கும் பத்து வீண் செலவு. இக்கணக்கில் வருவன யாவும் பதினோராம் வகுப்புப் பௌதிகப் பாடமேயாகும். பம்பின் உட்சக்கரத்தின் வளைவை எவ்வாறு அமைத்தால் அந்தப் பாதி, முக்கால் ஆகும் என்று ஆராய்வதுதான் கல்லூரிப் பாடம்.

தகுதியும் மதிப்பெண்ணும்

நான்காண்டு பி.இ. வகுப்பில் சேர விரும்பும் மாணவர் மேல்நிலை இரண்டாம் ஆண்டில், அதாவது பிளஸ் டூவில், கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகிய மூன்றையும் பயின்று தேறியிருத்தல் வேண்டும். வெறும் தேர்ச்சி போதாது. இம்மூன்று பாடங்களின் சராசரி, பொதுப் பிரிவினர்க்கு 45 விழுக்காடும், இடஒதுக்கீடு பெறும் பிரிவினர்க்கு 40 விழுக்காடும் இருத்தல் அவசியம். ஒவ்வொன்றிலும் 35 பெற்றுத் தேறியவர் பிளஸ் டூவில் தேறியவரே. ஆயினும், பொறியியலுக்கு உரியவராகார்.

தமிழ்நாட்டில் 1984 முதல் தொழிற்கல்விச் சேர்க்கைக்குத் தனி நுழைவுத் தேர்வு நடந்துவந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அது நீக்கப்பட்டது. அன்று முதல் பிளஸ் டூ மதிப்பெண்ணே தரவரிசைக்கு அடிப்படை. கணிதத்தின் நூறு அப்படியே கொள்ளப்படும். பௌதிகமும் இரசாயனமும் தலைக்கு ஐம்பதாகக் குறைக்கப்படும். ஆக மொத்தம் 200. கணிதத்தில் 86, பௌதிகத்தில் 78, இரசாயனத்தில் 82 பெற்றவரின் கட்-ஆஃப் 86, 39, 41 ஆகியவற்றின் கூட்டுத்தொகையான 166 ஆகும். இருவர் சமநிலையில் நின்றால் முதலில் பார்க்கப்படுவதும் கணித மதிப்பெண்ணே. மொழிப் பாடங்களின் மதிப்பெண் இதில் சேர்வதில்லை.

இந்திய அளவிலான நிலையங்களுக்கு, அதாவது திருச்சியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம் போன்றவற்றுக்கு, ஜே.இ.இ. மெயின் என்னும் தேர்வு தனியே உண்டு. அது ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது; 2021 முதல் தமிழிலும் எழுதலாம். திருச்சிக் கழகத்தில் பாதி இடங்கள் நம் மாநிலத்தவர்க்கே உரியவை. சென்னை ஐ.ஐ.டி.யில் சேர, மெயின் தேர்வில் முன்னணியில் தேறியவர்கள் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு என்னும் இரண்டாம் தேர்வையும் எழுதுதல் வேண்டும். இவற்றுக்குப் பயிற்சி வகுப்பு என்று பெருந்தொகை கேட்போரை நம்பி நிலத்தை அடகு வைப்பதற்கு முன், பழைய வினாத்தாள்களை ஒரு மாத காலம் பிள்ளை தானே செய்து பார்க்கட்டும். அவன் எங்கு நிற்கிறான் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

வழி தவறும் இடம்

கிராமத்துப் பிள்ளை பொறியியற் கல்லூரியை இழப்பது கல்லூரி வாயிலில் அன்று. பத்தாம் வகுப்பு முடிந்து பதினோராம் வகுப்பில் பாடப்பிரிவு எடுக்கும் அன்றேயாகும். அது பெரும்பாலும் ஒரே நாளில், அரைமணி நேரத்தில் முடிந்துபோகும் காரியம். என் வட்டாரத்தில், பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 94 பெற்ற பெண்ணொருத்தி வணிகவியல் பிரிவில் இருப்பதைக் கண்டேன். காரணம் கேட்டதற்கு அவளுடைய தந்தையார், “ஐயா, கணக்குப் பிரிவு உள்ள பள்ளிக்கூடம் பன்னிரண்டு கிலோமீட்டர். சாயங்காலம் பஸ் இல்லை. பொம்பளைப் பிள்ளையை எப்படி அனுப்புவது?” என்றார். அவர் கூறியதில் பொய்யில்லை. அந்தப் பெண்ணுக்குக் கணிதத்தில் விருப்பமா, பொறியியலில் விருப்பமா என்று அந்த அரைமணி நேரத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பஸ்ஸின் நேரமே அவளுடைய படிப்பைத் தீர்மானித்துவிட்டது. மாலைப் பேருந்து வேண்டுமென்று கிராம சபையில் தீர்மானம் இயற்றி அனுப்பினோம். மறு ஆண்டு பேருந்து வந்தது. அவளுக்குப் பின் வந்த மூன்று பெண்கள் இப்போது அதில்தான் செல்கின்றனர். அவளோ வணிகவியலிலேயே தொடர்கிறாள். பெண்களுக்கு இயந்திரப் பொறியியல் ஆகாது என்று இன்னும் கூறுவோர் உண்டு. 1940-களிலேயே கிண்டியில் பெண்கள் பொறியியல் பயின்று பட்டம் பெற்றுவிட்டனர் என்பதை அவர்களுக்குச் சொல்லி வைக்கலாம்.

இரண்டாவது இடறல், பிரிவு சரியாக அமைந்த பின்னரும் நேர்வது. தரவரிசைக்குக் கணக்கில் கொள்ளப்படுவது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் மட்டுமே. எனவே, சில பள்ளிகளில் பதினோராம் வகுப்புப் பாடத்தை விரைந்து முடித்துவிட்டு அல்லது விட்டுவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டு நடத்தும் வழக்கம் ஏற்பட்டது. இதனைத் தடுக்கும் கருத்துடன் 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-26 முதல் அது நீக்கப்பட்டுவிட்டது. தேர்வின் சுமை குறைந்தது நல்லதே. ஆனால், இயந்திரப் பொறியியலை நாடும் மாணவர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புப் பௌதிகம் பெரும்பாலும் மின்சாரம், காந்தம், ஒளி, அணு ஆகியவற்றைப் பற்றியது. இயக்க விதிகள், வேலையும் திறனும், சுழலும் பொருள்கள், பருப்பொருளின் பண்புகள், வெப்ப இயக்கவியல், அலைவுகள் ஆகிய இவை அனைத்தும் பதினோராம் வகுப்பிலேயே உள்ளன. கல்லூரியில் வரும் பொருள்வலிமைப் பாடமும், பாய்ம இயக்கவியலும், வெப்ப இயக்கவியலும் இவற்றின்மீதே எழுப்பப்படுகின்றன. பன்னிரண்டில் 95 பெற்று, பதினொன்றைத் திறந்தே பாராத மாணவர் நல்ல கல்லூரியில் இடம் பெறுவார். மூன்றாம் பருவத்தில் தவிப்பார். மதிப்பெண்ணுக்குப் பயன்படாத புத்தகந்தான் தொழிலுக்குப் பயன்படுகின்றது என்பது சற்று விந்தையே. பிளஸ் டூ தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை கிடைக்கும் இரண்டு மூன்று மாதங்களில் அந்தப் பதினோராம் வகுப்புப் புத்தகத்தை மீண்டும் கணக்குகளோடு பயின்றுவிட்டால் இக்குறை நீங்கும்.

கலந்தாய்வு

மாநிலக் கல்லூரிகளுக்கான ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு முன்பு அண்ணா பல்கலைக்கழகத்தால் நடத்தப்பட்டது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகின்றது. பதிவு, கட்டணம், சான்றிதழ் பதிவேற்றம், கல்லூரி விருப்பம் தெரிவித்தல் யாவும் இணைய வழியாகவே நடைபெறுகின்றன. விருப்பப் பட்டியலைத் தம் ஆசையின் வரிசைப்படியே எழுத வேண்டும். ‘இது நமக்குக் கிடைக்காது’ என்று எண்ணி நல்ல கல்லூரியைக் கீழே தள்ளுவதால் இலாபம் ஏதுமில்லை; கிடைக்காவிட்டால் அடுத்த விருப்பம் தானே பரிசீலிக்கப்படும். ஒதுக்கீடு வந்தபின் குறித்த நாட்களுக்குள் உறுதி செய்தல் வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை. பலர் கணினி மையத்தில் விண்ணப்பிக்கும்போது மைய உரிமையாளரின் கைப்பேசி எண்ணையே கொடுத்துவிடுகின்றனர். பின்னர் வரும் செய்திகளும் இரகசிய எண்ணும் அவருக்கே செல்லும். உறுதி செய்ய வேண்டிய நாளில் அவர் கடையை மூடிவிட்டு வெளியூர் சென்றிருந்தால், வந்த இடம் போயிற்று. சொந்தக் கைப்பேசி எண்ணையே கொடுக்க வேண்டும். கடவுச் சொல்லைத் தாளில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே பயின்றோருக்கு, 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 விழுக்காடு இடங்கள் முன்னுரிமையாக ஒதுக்கப்படுகின்றன. இவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கின்றது. இதனை அறியாமல், கட்டணத்திற்கு அஞ்சி விண்ணப்பிக்காமலே இருந்துவிடும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வருவோருக்குக் கல்விக் கட்டணச் சலுகையும், ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு உதவித்தொகையும் தனியே உண்டு. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தின் கீழும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் கீழும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகின்றது. இவற்றிற்குப் பிறகும் பணம் தேவைப்பட்டால், நான்கு இலட்சம் ரூபாய் வரை ஈடின்றிக் கல்விக்கடன் பெறும் வசதி வங்கிகளில் இருக்கின்றது. ‘இடம் வாங்கித் தருகிறேன்’ என்று வரும் தரகருக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. நன்கொடை வாங்குவது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தையும் பேருந்துகளையும் பார்த்து மயங்கலாகாது. அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத்திற்கும் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகின்றது. அதனைப் பார்த்தாலே பாதி உண்மை விளங்கும். மீதிப் பாதிக்கு, அங்கே பயிலும் ஒரு மாணவரிடம், பட்டறையில் கடைசல் இயந்திரத்தின் முன் எத்தனை பேர் நிற்கின்றீர்கள் என்று கேட்க வேண்டும். ஐந்து பேர் என்றால் நன்று. இருபது பேர் என்றால், பத்தொன்பது பேர் வேடிக்கை பார்க்கின்றனர் என்று பொருள்.

இக்காலத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்கே கூட்டம் மிகுதி. இயந்திரப் பொறியியல் இடங்கள் பல கல்லூரிகளில் நிரம்பாமல் நின்றதுண்டு. இதனைக் கண்டு தயங்குவோருக்கு நான் கூறுவது, முன்பு எட்டாதிருந்த நல்ல கல்லூரி இப்போது சற்றுக் குறைந்த கட்-ஆஃபில் கிடைக்கின்றது என்பதே. கோவையின் பம்புத் தொழிலும், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரங்களின் வாகனத் தொழிலும் இயந்திரப் பொறியாளரையே நம்பி இருக்கின்றன. ஆனால், நடுத்தரமான கல்லூரியில் அரைமனத்தோடு பெற்ற பட்டத்திற்கு அங்கே மதிப்பில்லை. அத்தகையோர் சூப்பர்வைசர் என்ற பெயரில் சொற்பச் சம்பளத்திற்கு நிற்பதையும் மறைப்பதற்கில்லை.

பாலிடெக்னிக் வழி

பிளஸ் டூ ஒன்றே வழியன்று. பத்தாம் வகுப்புத் தேறியபின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ பயின்று, நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர் போன்ற ஈராண்டுப் பயிற்சி பெற்றவர், டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டிற்குச் செல்லலாம். கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய பம்பு கழற்றும் பையனுக்கு ஏற்ற வழி இதுவே. இவ்வழியில் வருவோர் பட்டறையிலும் வரைபடத்திலும் மற்றவரை மிஞ்சி நிற்பர், கணிதத்தில்தான் இடறுவர். பி.இ. மூன்றாம் பருவத்தில் சேர்ந்தவுடனே பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் எதிர்ப்படும். ஆகவே டிப்ளமோவின் கடைசி ஆண்டிலேயே பிளஸ் டூ கணிதப் புத்தகங்களிலுள்ள வகையீடு, தொகையீடு, வகைக்கெழுச் சமன்பாடுகள் ஆகிய அதிகாரங்களைத் தாமே பயின்றுவிடுதல் நலம்.

முதலாண்டின் இரு தடைகள்

கல்லூரியில் சேர்ந்த கிராமத்து மாணவரை முதலில் மருட்டுவது பொறியியல் வரைபடம். ஒரு பொருளை முன்னிருந்தும், மேலிருந்தும், பக்கத்திலிருந்தும் நோக்கினால் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறு மூன்று படங்களாக வரைவதே அதன் அடிப்படை. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. வீட்டிலுள்ள ஒரு திருகு மரையையோ, கலப்பைக் கொழுவையோ, அம்மிக் குழவியையோ எதிரில் வைத்து மூன்று பக்கமும் வரைந்து பழகினால் கண் பழகிவிடும்.

மற்றொன்று மொழி. தமிழில் பயின்றவருக்கு உந்தம் என்றால் நன்கு விளங்கும். விரிவுரையாளர் மொமெண்டம் என்றதும் கை நின்றுவிடும். பொருள் தெரியாமல் அன்று, பெயர் தெரியாமல் தோற்கும் நிலை இது. பதினோராம் வகுப்பு முதலே குறிப்பேட்டின் பின்பக்கத்தில் முடுக்கம் என்பதற்கு எதிரில் ஆக்சிலரேஷன், தகைவுக்கு எதிரில் ஸ்ட்ரெஸ், திரிபுக்கு எதிரில் ஸ்ட்ரெயின் என்று எழுதி வந்தால், இரண்டாண்டில் முந்நூறு சொற்கள் சேர்ந்துவிடும். முதலாண்டுக்கு அது தாராளம். தமிழிலேயே பயில விரும்புவோர்க்கு, 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் இயந்திரப் பொறியியலையும் கட்டடப் பொறியியலையும் தமிழ் வழியில் தொடங்கியது. எந்தக் கல்லூரிகளில் அவ்வகுப்பு நடைபெறுகின்றது என்பதை அவ்வாண்டுக் கலந்தாய்வுப் பட்டியலில் பார்த்துக்கொள்க.

ஊராட்சி செய்யக்கூடியது ஒன்று உண்டு. மே முதல் நாளன்று கிராம சபை கூடுகின்றது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவுகள் வெளியாவதும், பொறியியற் பதிவு தொடங்குவதும் அம்மாதத்திலேதான். அன்றைய கூட்டத்திலேயே, அவ்வாண்டு தேர்வெழுதிய பிள்ளைகளின் பட்டியலைப் படித்து, சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவை யார் யாரிடம் இல்லை என்று குறித்துக்கொள்ளலாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் வழியாகச் சான்று கைக்கு வரச் சில நாட்கள் பிடிக்கும். பதிவு முடியும் வாரத்தில் ஓடுவதைக் காட்டிலும், மே மாத முதல் வாரத்திலேயே விண்ணப்பித்துவிட்டால், சான்று கலந்தாய்வுக்கு முன்னர் வந்து சேரும். ஆதார் அட்டையிலும் பள்ளிச் சான்றிதழிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கின்றதா என்பதையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளவும்.